கணுக்காலே முழங்காலாக

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, 14 வயது மாணவன் ஒருவன் முழங்காலுக்கு மேலே நோவு என்று என்னிடம் வந்தான். பந்தாட்டத்தில் நேர்ந்த சுளுக்கு என்றெண்ணி, எண்ணெய் தடவி உருவச் சொன்னேன். இரண்டு திங்கள் கழித்தே அது எலும்புப் புற்று என்று தெரிந்தது. அப்பிழை இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஆதலின் இப்பொருளைப் பற்றிப் பேச வந்தேன்.

எலும்புப் புற்று அரிய நோய். ஆயினும் வளரும் பருவத்தினரையே அது மிகுதியாகப் பற்றும். எலும்பு விரைந்து வளரும் முழங்காற் பகுதியே அதன் முதன்மையான இருப்பிடம். 1970க்கு முன் காலைத் துணிப்பதே சிகிச்சை. துணித்தும் ஐவருள் ஏறக்குறைய நால்வர் பிழைத்ததில்லை. ஏனெனில், நோயணுக்கள் முன்னரே நுரையீரலை அடைந்திருந்தன. பின்னர் வந்த மருந்துகள் அவ்வணுக்களை அழிக்கலாயின. உயிர் பிழைக்கவே, காலின் பயனையும் காக்க இயலுமா என்ற வினா எழுந்தது.

கட்டியைச் சுற்றியுள்ள நல்ல தசையோடு அகற்றி, உலோக மூட்டுப் பொருத்துவது ஒரு வழி. வளரும் சிறுவர்க்கு அதில் ஓர் இடர் உண்டு: மற்றக் கால் வளர வளர, இக்கால் குட்டையாகிவிடும். நீட்டத்தக்க மூட்டுகளும் உள்ளன. ஆனால் அவை தேயும், மாற்றவேண்டி வரும்.

மற்றொரு வழி வியப்பானது. போர்கிரேவே என்னும் ஜெர்மானிய மருத்துவர், காசநோயால் கெட்ட முழங்காலுக்காக 1927இல் கையாண்ட முறை அது. 1974இல் வியன்னாவில் சால்சரும் கோட்சும் அதனைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தினர். நோயுற்ற முழங்காற் பகுதியை நீக்கியபின், பாதத்தோடு கூடிய கீழ்க்காலை 180 பாகை திருப்பித் தொடையெலும்போடு இணைப்பர். பெருநரம்பை அறுக்காமல் காப்பர். குதிகால் முன்னோக்கும், விரல்கள் பின்னோக்கும். கணுக்காலே முழங்காலின் தொழிலை மேற்கொள்ளும். செயற்கைக் காலினுள் பாதத்தை நுழைத்து அணிவர். விரல்நுனியைக் கீழ்நோக்கி அழுத்தினால் அக்கால் நீளும். மேலே இழுத்தால் மடங்கும். எலும்பும் உயிருள்ளதாகையால் உடலோடு வளரும்.

தோற்றம் மட்டும் காண்பவரைத் திகைக்க வைக்கும். என் மாணவன் இம்முறையையே ஏற்றான். அவன் பள்ளிக்கு மீண்ட நாளில், வகுப்பே வாயடைத்து நின்றது. "ஐயா, இது என் சொந்தக் கால்தான்" என்றான் அவன். நான் மறுமொழி கூற இயலாது நின்றேன்.

பிள்ளைகளே! கை கால்களில் வாரக்கணக்கில் தீராத நோவோ, இரவில் விழிக்கவைக்கும் வலியோ, பெருகும் வீக்கமோ கண்டால், உருவிக்கொண்டிராதீர்கள். மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே எடுங்கள். பெரும்பாலும் அது புற்றாயிராது. எனினும் பார்த்துத் தெளிவதே அறிவுடைமை.