ஆப்பிள் சாற்றைப் பாதுகாத்தல்

ஆப்பிளைப் பிழிந்து, வடித்துத் தெளிவாக்காமல் எடுத்த சாற்றை அமெரிக்க நாட்டார் 'சைடர்' என்பர். இங்கிலாந்திலோ அச்சொல் புளித்து மதுவாகிய சாற்றையே குறிக்கும். இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள தொலைவு சில நாட்களே என்பதை, சாற்றைச் சேமிக்க விரும்பும் நாம் முதலில் உணர்தல் வேண்டும்.

சிம்லாவை அடுத்த கோட்கரில் 1916-ஆம் ஆண்டு சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டார். இன்று இமாசலச் சரிவுகளில் ஆப்பிளே முதன்மையான பழப் பயிர். சந்தைக்கு ஏற்காத சிறு பழங்கள் அங்கே சாறாகின்றன.

பழத்தோலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே உண்டு. அது சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பதநீர் கள்ளாவதும் இவ்வாறே. பின்னர்க் காற்றுப் பட்டால், வேறு நுண்ணுயிர்கள் சாராயச் சத்தைக் காடியாக்கிவிடும். எனவே, புட்டி உப்புதல், திறக்கும்போது 'புஸ்' என்ற ஓசை, நுரை, கள் வாடை, காடி நெடி ஆகியவற்றைக் கண்டால் சாறு புளித்துவிட்டதென அறியலாம். இறுக மூடிய கண்ணாடிப் புட்டி வாயுவின் அழுத்தத்தால் வெடிக்கவும் கூடும். அடியில் தங்கும் பழுப்பு வண்டல் மட்டும் கேட்டின் அறிகுறியன்று; அது பழத்தின் சதையே.

ஆனால், மூக்கும் நாவும் அறியாத கேடுகளும் உண்டு. 1996-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடாக்கப்படாத ஆப்பிள் சாற்றைப் பருகிய அறுபதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; ஒரு குழந்தை உயிரிழந்தது. கால்நடைச் சாணத்திலிருந்து பரவும் ஒருவகை ஈ.கோலை கிருமியே காரணம். ஆப்பிளின் புளிப்பு அதனைக் கொல்லப் போதாது. குளிர்ப்பெட்டியும் அதனை அழிக்காது. இன்னொன்று, அழுகிய ஆப்பிளில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் 'பாட்டுலின்' நஞ்சு. ஒரு கிலோ சாற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது.

ஆகவே, நம் காவல் பழத்திலேயே தொடங்க வேண்டும். தரையில் உதிர்ந்தனவற்றையும் அழுகியனவற்றையும் விலக்கி, நல்ல பழங்களைக் கழுவிப் பிழிவோம். சாற்றை 71 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் சூடாக்குவோம். வெப்பமானி இல்லையேல் ஒரு கொதி வரும்வரை காய்ச்சுவோம். வெந்நீரில் கொதிக்கவைத்த புட்டிகளில் நிரப்பி, 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில் வைத்து, திறந்த புட்டியை ஒரு வாரத்திற்குள் முடித்துவிடுவோம். பல மாதம் வைக்க வேண்டின் உறையச் செய்யலாம். உறையும்போது சாறு விரியுமாதலால் கலத்தில் பத்திலொரு பங்கு இடம் விடுதல் அவசியம்.

மேலே பூஞ்சை படர்ந்த சாற்றை வடிகட்டிப் பருக முயலாமல் கொட்டிவிடுவதே முறை. காய்ச்சாத சாறு எத்துணை இனிதாயினும், குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அதனைக் கொடாதிருப்போமாக.