காணாமல் போகும் கிளாஸ்

சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைக்கு மருந்தடிக்கும் நாளை நினைவூட்ட, பைத்தானில் ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பு காட்டும் பகுதி மட்டும் நீங்களே சேர்த்த ஜாவா கிளாஸ். முதலில் ஒழுங்காக ஓடுகிறது. வேலையைப் பின்னணித் திரெட்டுக்கு மாற்றியதும், 'அந்த கிளாஸே இல்லை' என்கிறது போன். ஏன்?

பைத்தானையும் ஜாவாவையும் இணைப்பது கிவி குழுவின் பைஜீனியஸ். அதற்கு அடியில் இருப்பது, ஜாவாவை மற்ற மொழிகளோடு பேசவைக்கும் இடைமுகமான ஜேஎன்ஐ. பைத்தான் தொடங்கிய திரெட்டில் ஜேஎன்ஐ, கிளாஸ்களைத் தேடி ஏற்றும் சிஸ்டம் கிளாஸ்லோடரிடம்தான் விசாரிக்கும். அதற்கு ஆண்ட்ராய்டின் சொந்தச் சரக்கு தெரியும், உங்களுடையது தெரியாது. பிழைச்செய்தியோ இதைச் சொல்லித் தொலைக்காது!

முதன்மைத் திரெட்டிலேயே, பைஜீனியஸின் ஆட்டோகிளாஸை உங்கள் கிளாஸின் பெயரோடு ஒருமுறை அழைத்து வைத்துவிட்டால் போதும். ஆனால் பின்னணித் திரெட் முடியுமுன் அதை ஜாவாவிடமிருந்து டிடாச் செய்யவும் (பிரிக்கவும்) வேண்டும். இல்லாவிட்டால் செயலியே கவிழும். இன்னொன்று: நீங்கள் அழைப்பது ஒரு கிளாஸுக்குள் இருக்கும் உள்கிளாஸ் என்றால், வெளிகிளாஸின் பெயருக்கும் அதன் பெயருக்கும் நடுவே புள்ளிக்குப் பதில் டாலர் குறி.