படிநிலையும் உயிர்ப்புள்ளியும்

விளையாட்டுக்கள் பலவற்றில் ஆடுவோர் ஒருவரையொருவர் வெல்லவே முயல்வர். பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டம் அத்தகையதன்று. அதில் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஒன்றுகூடி ஒரு கதையை நடத்துவர். அவருள் ஒருவர் நடத்துநராக அமைந்து, கதை நிகழும் உலகையும் பகைவரையும் எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்யத் துணிவதைக் கூறுவர். துணிந்த செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்க்கும். இவ்வாறு பல வாரங்கள், சிலபோது பல ஆண்டுகள் நீளும் ஆட்டத்தைத் தொடராட்டம் எனலாம்.

தொடராட்டம் ஒன்றைத் தொடங்குமுன் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டும். பாத்திரங்கள் எந்தப் படிநிலையிலிருந்து புறப்படுவது? அவற்றின் உயிர்ப்புள்ளிகளை எவ்விதியாற் கணிப்பது? படிநிலை என்பது பாத்திரத்தின் அனுபவ முதிர்ச்சியைக் குறிக்கும் எண். ஹிட் பொயின்ட் எனப்படும் உயிர்ப்புள்ளி, வீழுமுன் அப்பாத்திரம் எவ்வளவு தாக்குதலைத் தாங்கும் என்பதைக் காட்டும் எண். முன்னையதைக் கதைக்குரியதாகவும் பின்னையதைக் கணக்குக்குரியதாகவும் பிரித்து நோக்குவோர் பலர். ஆயின், இரண்டும் ஒரே வினாவின் இரு கூறுகளேயாம். ஆடுபவரின் பிழையான துணிவுக்கு அவர் பாத்திரம் கொடுக்கவேண்டிய விலை யாது என்பதே அவ்வினா.

தோற்றம்

இவ்விரு எண்களும் போராட்ட விதிகளிலிருந்து பிறந்தவை. 1971ஆம் ஆண்டில் கரி கைகக்ஸ், ஜெப் பெரன் ஆகியோர் இயற்றிய ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலில் சாதாரணப் படைவீரன் ஓர் அடியில் மடிவான். ‘வீரன்’ எனச் சிறப்பிக்கப்பட்டவனை வீழ்த்த நான்கு அடிகள் வேண்டும். அக்காலத்தில் மினசோட்டாவில் ‘பிளக்மூர்’ என்னும் தொடராட்டத்தை நடத்திய டேவ் ஆனசன், தம் ஆட்டத்தோழர்கள் விரும்பி வளர்த்த பாத்திரங்களை ஒரே வீச்சில் இழக்க மனங்கொள்ளாமையைக் கண்டார். ஆகவே, தாம் கப்பற்போர் ஆட்டத்துக்கு வகுத்திருந்த விதிகளிலிருந்து சேதப்புள்ளி முறையை மனிதருக்கும் பொருத்தியதாகப் பின்னாளிற் கூறியுள்ளார். கைகக்ஸ், ஆனசன் இருவர் முயற்சியாலும் 1974ஆம் ஆண்டில் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. எனவே, உயிர்ப்புள்ளி தோன்றியதே ஒரு பாத்திரத்தின் முடிவு ஒற்றை வீச்சிற் றங்கியிருத்தலாகாது என்னும் கருத்தினாலாகும்.

தொடங்கும் படிநிலை

எனினும், 1974ஆம் ஆண்டு விதிகளில் முதற்படிநிலைப் பாத்திரங்கள் மிக நொய்யனவாகவே இருந்தன. மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஓர் ஆறுமுகப் பகடையின் எண். ஆயுதம் செய்யும் சேதமும் ஓர் ஆறுமுகப் பகடையின் எண். புள்ளி பூச்சியத்தை அடைந்தால் மரணம். இரு பகடைகளும் சேர்ந்து விழத்தக்க வகைகள் 36. அவற்றுள் 21 வகைகளில் சேதம் உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ மிகுதியாகவோ அமையும். அதாவது, மேலே பட்ட முதல் அடியிலேயே மந்திரவாதி மடிதல் பாதிக்குமேல் உறுதி. போர்வீரனுக்கு ஒரு புள்ளி கூடுதலாக உண்டாகையால், அவனைப் பொறுத்தவரை அத்தொகை 15 ஆகக் குறையும். ஒரேயொரு புள்ளி இத்துணை வேறுபாடு செய்வது நோக்கத்தக்கது.

முதற்படிநிலையில் தொடங்குவதன் பயன் யாது? ஆற்றல்கள் சிலவே ஆகையாற் புதியவர் விதிகளை எளிதிற் கற்பர். அச்சம் மெய்யாக இருப்பதால், வாளை உருவுமுன் பேசிப் பார்க்கவும் ஒளிந்து செல்லவும் கற்றுக்கொள்வர். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டன்ஜன் குரோல் கிளாசிக்ஸ்’ இன்னும் கீழிறங்கி, பூச்சியப் படிநிலையிலேயே தொடங்குகின்றது. ஆடுவோர் ஒவ்வொருவரும் எளிய குடிமக்கள் சிலரை ஒருங்கே நடத்துவர், பலர் மடிவர், எஞ்சியவரே வீரராக வளர்வர். ஆங்கு மரணம் மலிவென்பது எல்லோரும் முன்னறிந்த செய்தி. அதனால் எவரும் வருந்துவதில்லை.

மாறாக, 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டார்க் சன்’ என்னும் பாலைவன உலகில் பாத்திரங்கள் மூன்றாம் படிநிலையிலிருந்து புறப்படும். அவ்வுலகின் கொடுமையைத் தாங்கி வளர்ந்தவர் கற்றுக்குட்டிகளாக இருத்தல் பொருந்தாது என்பது அதன் உட்கிடை. 2024ஆம் ஆண்டு விதிகளில் எல்லா வகுப்புக்களும் தத்தம் சிறப்புப் பிரிவை மூன்றாம் படிநிலையிலேயே பெறுகின்றன. ஆகவே, பயின்ற குழுவினர் அங்கிருந்து தொடங்குதல் தகும். பத்துப் போர் கண்ட தளபதியாகத் தன் பாத்திரத்தை ஒருவர் எழுதிவர, ஆட்டம் அவரை முதற்படிநிலையில் நிறுத்துமாயின் கதையும் கணக்கும் முரணும்.

உயிர்ப்புள்ளி விதி

அடுத்து நோக்கவேண்டுவது, படிநிலை உயருந்தோறும் புள்ளிகளை எவ்வாறு கூட்டுவது என்பது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு, முதற்படிநிலையிற் பகடையின் உச்ச எண்ணை அளிக்கின்றது. பின்னர்ப் படிதோறும் பகடை உருட்டலாம், அல்லது நிலையான எண்ணைக் கொள்ளலாம். போர்வீரனுக்குரியது பத்துமுகப் பகடை. நிலையான எண் 6. உடல்வன்மையால் வரும் மிகையை நீக்கிப் பார்ப்பின், ஐந்தாம் படிநிலையில் நிலையான முறையைக் கொண்டவன் 34 புள்ளி பெறுவான். உருட்டியவன் சராசரியாக 32 பெறுவான். சராசரியில் வேறுபாடு சிறிதே. ஆனால், உருட்டியவனது தொகை 14 முதல் 50 வரை எங்கும் அமையலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் உணரத்தக்கது. போரில் உருட்டும் பகடையின் பயன் அக்கணத்தோடு கழியும். அடுத்த வீச்சில் நிலை மாறும். உயிர்ப்புள்ளிக்கு உருட்டும் பகடையின் பயனோ தொடராட்டம் முடியும்வரை நிற்கும். ஒரு மாலைப்பொழுதில் விழுந்த ‘ஒன்று’ ஈராண்டுகள் ஒருவரைத் தொடரும். அவர் செய்த பிழை எதுவுமின்றியே, அவர் பாத்திரம் தோழரின் பின்னே ஒதுங்கி நிற்க நேரும். அதனால், நீண்ட தொடராட்டத்துக்கு நிலையான எண்ணே நீதியானது. ஒன்றிரண்டு மாலைகளில் முடியும் ஆட்டத்துக்கு உருட்டல் சுவை தரும். இடைவழியை நாடுவோர், உருட்டியது ஆறினும் குறைந்தால் ஆறையே கொள்வர். அவ்விதியில் ஒரு படிக்குரிய சராசரி 7 ஆகும். பாத்திரங்கள் சற்று வலிமை மிகுவதால், பகைவரையும் அதற்கேற்பப் பெருக்கவேண்டும்.

படிநிலையற்ற முறைகளும் உள. 1981ஆம் ஆண்டில் தோன்றிய ‘கோல் ஒப் கதூலு’ என்னும் அச்சுறுத்தும் ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி உடல்வன்மையாலும் உருவளவாலும் அமையும், அனுபவத்தால் வளராது. துப்பாக்கிக் குண்டு முதல் நாளிற்போலவே இறுதி நாளிலும் கொடியது. அச்சமே அக்கதையின் உயிராகலின் அவ்விதி பொருத்தமுடையது.

இரண்டும் இணையுமிடம்

பாத்திரம் ஒன்று இடைவழியில் மடிந்தால், அதன் இடத்தில் வரும் புதிய பாத்திரம் எந்தப் படிநிலையிற் சேர்வது? இவ்விரு முடிவுகளும் ஒன்றே என்பது இங்குத் தெளிவாகும். ஐந்தாம் பதிப்பில் நெருப்புக்கோளம் என்னும் மந்திரம் எட்டு ஆறுமுகப் பகடை அளவு சேதம் செய்யும். அதன் சராசரி 28. நிலையான முறையில் ஆறாம் படிநிலைப் போர்வீரனுக்கு 40 புள்ளி உண்டு. அவன் காயத்தோடு நிற்பான். அவன் அருகே முதற்படிநிலையிற் சேர்ந்தவனுக்கு உள்ளவை 10. எஞ்சிய சேதம் உச்சப் புள்ளிக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருப்பின் உடனே மரணம் என்பது விதியாகலின், தப்பும் வீச்சிலே தவறியவன் எழமாட்டான். ஒரே மேசையில் ஒரே துணிவுக்கு ஒருவருக்கு வடுவும் மற்றவருக்கு முடிவும் விலையாதல் தோழமையைக் குலைக்கும். புதியவரைத் தோழர் படியிலேயே சேர்த்தல் நன்று.

வீழ்ந்தபின் நிகழ்வதும் இவ்விலையின் பகுதியே. 1974இற் பூச்சியம் என்றால் மரணம். 1979ஆம் ஆண்டின் நடத்துநர் நூல் அவ்வெல்லையைப் பூச்சியத்துக்குக் கீழ்ப் பத்துவரை தள்ளிற்று. 2014இல் வீழ்ந்தவர் மூன்று முறை தவறுமுன் மூன்று முறை தேறினாற் பிழைப்பர். எல்லை தளருந்தோறும் தாழ்ந்த படிநிலையில் தொடங்குதல் எளிதாகும். உயர்ந்த படிநிலை, மிகுந்த புள்ளி, தளர்ந்த எல்லை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுமாயின், எந்தத் துணிவுக்கும் பொருளிராது.

ஆதலின், நடத்துநர் முதலில் ஆராயவேண்டியது எண்களையன்று. இக்கதையில் மரணம் எத்தகையது என்பதையே. அது விடைபெற்றபின் படிநிலையும் உயிர்ப்புள்ளி விதியும் தாமே அமையும். அம்முடிவை முதற்பகடை உருளுமுன் மேசையிலுள்ளோர் அனைவர்க்கும் உரைத்தல் கடமையாம். கடிய விதியை அறிவித்துவிட்டு, பாத்திரம் வீழும் வேளையில் இரக்கத்தாற் பகடையை மறைத்து எண்ணை மாற்றும் நடத்துநர் நன்மை செய்பவர்போலத் தோன்றுவார். ஆனால், அதற்குமுன் அஞ்சியும் ஆராய்ந்தும் எடுத்த முடிவுகளின் மதிப்பை அவர் அழித்துவிடுகின்றார். விலை கடிதாயினும் முன்னறிந்து ஏற்றுக்கொண்டவர் மனங்கசப்பதில்லை. ஒளித்துவைத்த விலையே நட்பைக் கெடுக்கும்.