அகதின்னா அழுகை, இல்லைன்னா துப்பாக்கி... இதை எப்போ மாத்தும் சினிமா?

ராமேஸ்வரம் கரையில ஒரு படகு, அதுல ஒரு ஈழத்தமிழ்க் குடும்பம். திரையில இதைப் பார்த்ததுமே மிச்சக் கதையை நாமளே முடிவு பண்ணிடுறோம் இல்லையா? அதுக்குப் பேர்தான் ஸ்டீரியோடைப்.

2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ராமேஸ்வரம் முகாமில் குழந்தையைப் பெற்றுவிட்டுப் போர்க்களத்துக்குத் திரும்புகிறார் தாய். 2021-ல் 'தி ஃபேமிலி மேன் 2' வெப் சீரிஸில் ஈழப்பெண்ணாக வந்த சமந்தாவுக்குக் கையில் துப்பாக்கி, முகத்தில் கறுப்பு மேக்கப். 'தமிழர்னா இந்த நிறம்தானா?'ன்னு எதிர்ப்பு கிளம்பியது.

2025-ல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' ரூட்டை மாத்துச்சு. பொருளாதார நெருக்கடியால் கடல் தாண்டி வரும் குடும்பம், நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க ஆகுது. ஆனா, அங்கேயும் அவங்க முதல்ல மறைக்க வேண்டியிருந்தது சொந்தப் பேச்சுவழக்கைத்தான்!

நிஜத்திலும் 2022-ல் அதே நெருக்கடியில் தனுஷ்கோடியில் வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே 'மறுவாழ்வு முகாம்' என 2021-ல் மாற்றியது தமிழக அரசு. ஆனா, முகாமை நேர்ல பார்க்காத நமக்கு அந்த மக்களை அறிமுகப்படுத்தினது சினிமாதான். அங்கே பிறந்த பிள்ளை வேலையோ வாடகை வீடோ கேட்டு வந்தா, நம்ம மனசுல ஓடுறதும் அந்த சீன்தான்.

அடுத்த முறை கவனிங்க. அழுகை, துப்பாக்கி ரெண்டையும் எடுத்துட்டா, அந்த கேரக்டருக்கு வேற கதை மிச்சம் இருக்கா?