டெண்டர் பெட்டியும் பேத்துப்பாறையும்

கோடிக்கணக்கில் செலவிட்டுக் கம்ப்யூட்டர் அமைப்பு ஒன்றை நிறுவ அரசு முனைகிறது. கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. யாரிடம் ஒப்படைப்பது? "இது அதிகாரிகள் சங்கதி, உழைத்துப் பிழைக்கும் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். நமக்குத்தான் எல்லாம் என்கிறோம்!

கொடைக்கானல் மலையிலே பேத்துப்பாறை என்றோர் ஊர். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், ரேஷன் கடைக் கருவியில் பதியாவிட்டால், மேகம் கவிந்த நாளில் அலைவரிசை அறுந்துவிட்டால், உலை ஏறாமல் நிற்பது யார் வீட்டில்? கம்பெனி முதலாளி வீட்டிலா? டெண்டர் பிரித்த அதிகாரி வீட்டிலா?

டெண்டரில் சூது கூடாதென்று 1998-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கண்டது. நல்ல சட்டம். தகுதி தேறியவருள் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்பது அதன் நெறி. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அது பொருந்தும்; தட்டிப் பார்த்து வாங்கலாம். இன்னும் எழுதப்படாத நிரலை எந்தத் தராசில் நிறுப்பது? இந்த இடரை உணர்ந்துதான் இந்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், சில வகைப் பணிகளுக்கு விலையோடு தரத்துக்கும் 30 விழுக்காடு வரை மதிப்பெண் இடலாம் என்று வழிவிட்டது.

பெரிய கம்பெனி என்றால் பிழை வராதா? வருமான வரித் துறைக்கு இன்போசிஸ் அமைத்த இணையத்தளம் 2021 ஜூன் 7-இல் திறக்கப்பட்டது. தொடக்கம் முதலே தடுமாற்றம்! ஆகஸ்டில் நிறுவனத் தலைமை அதிகாரியையே நிதி அமைச்சர் அழைத்து விளக்கம் கேட்க நேர்ந்தது.

பிரிட்டனில் நடந்ததோ பெருங்கொடுமை. அஞ்சலகங்களுக்கு ஃபியூஜிட்சு வழங்கிய 'ஹொரைசன்' அமைப்பு, இல்லாத பற்றாக்குறையைக் கணக்கில் காட்டியது. கருவியை நம்பினார்கள், மனிதரை நம்பவில்லை. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அமைப்பில் பிழை உண்டென்று 2019-இல் உயர்நீதிமன்றம் உரைத்தது. தண்டனைகளை மொத்தமாக நீக்கத் தனிச் சட்டம் 2024-இல்தான் வந்தது. இழந்த மானத்தை எந்தச் சட்டம் மீட்கும்?

ஆகவே நாம் கேட்கிறோம். கையெழுத்துக்கு முன்பே, போட்டியிடும் கம்பெனிகள் பேத்துப்பாறை போன்ற மலையூரில் கருவியை ஓட்டிக் காட்டட்டும். அதற்கு மதிப்பெண் போடும் குழுவில் கடை ஊழியரும் அமரட்டும். ரேகை பதியாதவர்க்கும், அலைவரிசை கிடைக்காத நாளுக்கும் மாற்று வழி, வாய்மொழியாக அல்ல, ஒப்பந்த வாசகமாகவே இருக்கட்டும். பழுது நீக்கக் கெடு வேண்டும். கெடு தவறினால் அபராதம் வேண்டும். மூலநிரலும் மக்கள் விவரமும் அரசின் உடைமையாக வேண்டும். இல்லையேல் ஒப்பந்தம் முடியும் நாளில் கம்பெனி சொன்னதே விலை!

வெளியாரை விட்டால் வழியில்லை என்பாரும் உண்டு. இந்திய அஞ்சல் துறை, தன் சொந்தத் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய அமைப்பையே 2025-இல் நாடெங்கும் ஏற்றதே, அது வழியல்லவா?

குறைந்த விலை கஜானாவின் கணக்கு. மலை உச்சியின் கடைசி வீட்டுக்கு அரிசி போய்ச் சேர்ந்ததா என்பது மக்கள் கணக்கு. இரண்டும் ஒத்துவந்தால்தான் டெண்டர் நேர்மையானது என்போம்!