அக்கரைப் பயணங்கள் – 9: அப்பா அம்மாவோடு கடாரம் வரை

ஒரத்தநாடு வட்டாரத்திலிருந்து பெற்றோர் வெளிநாடு போவது மூன்று வகை. மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போய், பத்தியச் சமையல் செய்து, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்புவது முதல் வகை. மகன் வேலை பார்க்கும் ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவது இரண்டாவது. பிள்ளை வேலைக்குப் போனதும் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மாலைவரை காத்திருப்பதிலேயே அதில் பாதி கழிந்துவிடும். இந்தக் கடமைகள் எதுவும் இல்லாமல், தகப்பனும் மகனுமோ தாயும் மகளுமோ ஊர் பார்ப்பதற்கென்றே சேர்ந்து கிளம்புவது மூன்றாவது வகை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. முதல் இரண்டையும் சுற்றுலாக் கணக்கில் சேர்த்து, "அதான் சிங்கப்பூர் பார்த்தாச்சே" என்று சொல்வது பெற்றோருக்கு நியாயம் ஆகாது.

பெரியவர்களோடு நெடுந்தூரம் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இராமேசுவரம் யாத்திரை போவோர் தங்கவும் சாப்பிடவும் இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் காதலி முத்தம்மாள் நினைவாகக் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில்தான் இருக்கிறது. வயதான தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே இளைப்பாறியிருக்க வேண்டும். கடல் கடப்பது மட்டும் வேறு கதை. வெளிநாடு என்றாலே இங்கே நெடுங்காலம் பிழைப்புதான். 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போனது. 1970களில் அந்த வழித்தடத்தை எம்.வி. சிதம்பரம் ஏற்றுக்கொண்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. இந்தக் கப்பல்களில் பிள்ளை ஏறுவான்; பெற்றவர்கள் துறைமுகத்தோடு திரும்பிவிடுவார்கள். தகப்பனும் வளர்ந்த பிள்ளையும் சேர்ந்து மலாயா பார்த்தது அக்காலத்தில் பெரிய இடத்துச் செய்தி. 1937இல் ஜவாஹர்லால் நேரு, 19 வயது இந்திராவோடு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்தார். அதுவும் முழு ஓய்வுப் பயணம் அல்ல. போன இடமெல்லாம் கூட்டமும் பேச்சும்தான்.

இன்று செலவு ஓரளவு கைக்கு எட்டுகிறது. முதல் தடை பெற்றோரின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. "எனக்கு எதுக்குய்யா இவ்வளவு காசைப் போட்டு?" என்பது ஒன்று, "மாட்டை யாரு பார்த்துக்குவா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் தேவையில்லை. அது மறுப்பு போலத் தோன்றினாலும் பெரும்பாலும் கூச்சம். இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். கறவை மாட்டை யார் பார்ப்பது, பால் யார் ஊற்றுவது, தென்னைக்குத் தண்ணீர் யார் விடுவது என்று பெயர் சொல்லி ஏற்பாடு செய்த பிறகே பெரியவர்களின் மனம் பயணத்துக்கு வரும்.

நாள் குறிப்பதும் அப்படித்தான். பிள்ளையின் அலுவலக விடுமுறையை வைத்துத் தேதி பார்ப்பதுதான் வழக்கம். வயலை வைத்துப் பார்ப்பதே முறை. கல்லணைக் கால்வாய்ப் பாசனம் உள்ள இந்தப் பகுதியில் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. சம்பாவோ தாளடியோ அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கணக்கில் ஏறியபின், மாசி பாதியிலிருந்து வைகாசி பாதிவரை உள்ள நாட்கள்தான் குறுவைக்கு முன் கிடைக்கும் இடைவெளி. நிலத்தடி நீரில் கோடை நெல் போடுவோருக்கு அதுவும் சுருங்கும். அதற்குள் குலதெய்வக் கோயில் காப்புக்கட்டு, சொந்தத்தில் கல்யாணம் எல்லாவற்றையும் தள்ளி ஒரு வாரம் தேட வேண்டும்.

அடுத்தது பாஸ்போர்ட். தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் இயங்குவது. சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பெரியவர்கள் விஷயத்தில் தாமதம் ஆவது கட்டணத்தாலோ வரிசையாலோ அல்ல, பெயரால். ஆதாரில் ஓர் எழுத்து, வாக்காளர் அட்டையில் வேறு எழுத்து, குடும்ப அட்டையில் வெறும் இனிஷியல். பிறந்த தேதியோ பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும் என்பதால், முதலில் ஆதாரைச் சரிசெய்துகொண்டு, அதில் உள்ளபடியே விண்ணப்பிப்பது நல்லது. விமானச் சீட்டிலும் அதே எழுத்துகள்தான் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சரிபார்ப்பு தேவை என்ற குறிப்பு விழும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகாத அம்மா இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

எந்த நாடு என்ற கேள்வியில் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். தாங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஊருக்குப் பெற்றோரை உடன் கூட்டிப் போவது ஒன்று. பெற்றோர் பார்க்கத் தகுந்த ஊருக்குத் தாங்கள் உடன் போவது வேறொன்று. பெரியவர்கள் ஆயுள் முழுதும் எதை அறிந்தவர்களோ அது இருக்கும் இடத்துக்குப் போனால், அங்கே வழிகாட்டுவது அவர்களாக இருக்கும். நெல் விளையும் மண்ணிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் மலேசியா நன்றாகப் பொருந்துகிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள்வரை அங்கே தங்கலாம். 2026 இறுதிவரை இச்சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அங்கே போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக எடுக்கலாம்.

விமானம் ஏறச் சென்னைவரை போக வேண்டியதில்லை. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2இல் திறந்துவைக்கப்பட்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடியாக ஏறத்தாழ நான்கு மணி நேரம். மூட்டு வலி உள்ளவருக்குச் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவைக்க வேண்டும். "நான் என்ன நடக்க முடியாதவனா?" என்று கோபிக்கும் அப்பாக்கள் உண்டு, கோலாலம்பூர் நிலையத்தில் விமானக் கதவிலிருந்து குடிநுழைவு வரிசைவரை நடக்க வேண்டிய தூரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைக்க வேண்டும், இன்சுலினும் கைப்பையில்தான். ஊறுகாய், தயிர், நெய் ஆகியவை 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. பயணக் காப்பீடு எடுக்கையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதயச் சிகிச்சை எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கைகொடுக்காது.

போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலோர் முதலில் போவது பத்துமலை. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து போகும் ரயில் மலையடிவாரத்திலேயே நிற்கும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைச் செய்தவர் திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன் என்பதைக் கேட்டால் டெல்டாக்காரர் யாரும் இன்னொரு முறை அண்ணாந்து பார்ப்பார். குகைக்கு 272 படி. காலை வெயில் ஏறுமுன் ஏறலாம். முடியாதவர் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு இளநீர் குடித்து உட்கார்ந்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை. அம்மா அங்கே இருக்க, மகள் மட்டும் ஏறி வரலாம். 1892 முதல் தைப்பூசம் நடக்கும் இடம் இது. அந்த நாட்களின் நெரிசலுக்குள் வயதானவர்களைக் கூட்டிப்போகாமல் இருப்பதே நல்லது.

வானுயர்ந்த கட்டடங்களுக்கு அரை நாள் போதும். பிறகு வடமேற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலோரம் இருக்கும் சிகிஞ்சான் என்ற ஊருக்குப் போக வேண்டும். தஞ்சோங் காராங் பாசனத் திட்டத்து வயல்கள் அங்கே நூல் பிடித்தாற்போல் சதுரம் சதுரமாக ஓடுகின்றன. ஆண்டுக்கு இரண்டு போகம். நல்ல வயலில் ஹெக்டேருக்கு 10 டன்னையும் தாண்டும். ஒரத்தநாட்டு விவசாயிக்கு ஹெக்டேரில் சொன்னால் மனதில் பதியாது. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 67, மாவுக்கு 22 மூட்டை என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பெரியவர் வரப்பில் இறங்கி, தூர் எத்தனை வெடித்திருக்கிறது, கதிரில் பதர் எவ்வளவு, வாய்க்கால் மடை எப்படி, என்ன உரம் என்று வரிசையாகக் கேட்பார். மொழிபெயர்ப்பதே பிள்ளைக்குப் பெரிய வேலையாகிவிடும். படம் எடுக்க வந்த மற்ற பயணிகள் பச்சையைப் பார்க்கும் இடத்தில் இவர் பயிரைப் பார்க்கிறார். பிள்ளைக்கு இது பெரும் பேறு; அப்பா எவ்வளவு தெரிந்தவர் என்பது வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது இப்படித் தெரிவதில்லை.

நம் நெல்லுக்கும் மலேசிய நெல்லுக்கும் உள்ள உறவுக்கு வரலாறும் உண்டு. தைவானின் தாய்ச்சுங் 65, மலாயாவின் மாயாங் ஏபோஸ் 80 என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவானது மஷூரி. மலேசியாவில் 1965இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி. சம்பாவில் ஒரத்தநாட்டார் நிறையப் போடும் பிபிடி 5204க்கும் மஷூரி ஒரு மூலம். டெல்டாவின் குறுவையை மாற்றிய ஆடுதுறை 27கூட, மஷூரி பிறந்த அதே இந்திகா – ஜப்பானிகா கலப்புத் திட்டத்தில் வந்தது. காவிரியின் பெயரைத் தாங்கிய அரிசியில் மலாய் மண்ணின் வித்து இருக்கிறது. சிகிஞ்சான் வரப்பில் நின்று இதைச் சொன்னால், பெரியவர் கேட்கும் கேள்விகளுக்கு அன்று மாலை போதாது.

மேலும் இரண்டு நாள் இருந்தால் கெடா மாநிலம் போகலாம். கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டாருக்கு மின்சார ரயில் ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும். பேருந்தைவிடப் பெரியவர்களுக்கு அதுவே வசதி. 1970இல் முடிந்த மூடா பாசனத் திட்டத்தால் இருபோகமான வயல்கள் ரயில் பாதையின் இருபுறமும் தெரியும். அலோர் ஸ்டாரில் நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் மேல்தளத்தில் வட கொரிய ஓவியர்கள் வரைந்த வட்டச் சுவர் ஓவியத்தைச் சுழலும் மேடையில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். தெற்கே மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு. இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான். அவ்வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. அதற்கு முன்பே, இராசராசன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, சோழ அரசு ஆனைமங்கலம் ஊரையே தானமாகக் கொடுத்தது. படையெடுப்பை மட்டும் சொல்லி இந்த நட்பை விட்டுவிடுவது வரலாற்றைப் பாதியாக்குவது. 1960இல் மீட்டுக் கட்டப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் பெரிய கோயில் பார்த்த கண்ணுக்குச் சிறியதாகத்தான் தெரியும். பக்கத்து அருங்காட்சியகத்தையும் சேர்த்து மெதுவாகப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

நடைமுறைச் செய்திகள் சில. மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். ஊரில் ஐந்து மணிக்கு எழுகிறவருக்கு அங்கே ஏழரை ஆகியிருக்கும். முதல் இரண்டு நாள் அதையொட்டியே திட்டமிட வேண்டும். சர்க்கரை மாத்திரை நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரப் படுக்கை அவசியம். நகரும் படிக்கட்டில் சேலைக் கொசுவமும் ரப்பர் செருப்பும் சிக்கும் அபாயம் உண்டு. மின்தூக்கி இருக்கும் இடத்தைத் தேடுவது நல்லது. வாழையிலைச் சாப்பாடு பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பல் என்ற மிளகாய் விழுதில் நெத்திலி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விலை விஷயத்தில் ஓர் ஆலோசனை: ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் ரிங்கிட்டை ரூபாயாக்கி மனம் வருந்துவது பெரியவர்களின் இயல்பு. மொத்தச் செலவை ஊரிலேயே ஒரே எண்ணாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் வழியில் அந்தப் பேச்சு குறையும்.

விமானத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14இல் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பல் ஓடுகிறது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மன்னார்குடி, திருவாரூர் வழியாக விடியற்காலையில் காரில் போய்ச் சேரலாம். இறங்கியதும் கீரிமலைத் தீர்த்தம் அருகிலேயே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் யாழ்ப்பாண நூலகமும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடியவை. பேச்சு முழுக்கத் தமிழ் என்பதால் அம்மா தானே கடைக்குப் போய் விலை பேசலாம். இலங்கைக்கு மின்னணு பயண அனுமதி முன்பே எடுக்க வேண்டும். சிறிய கப்பல் என்பதால் அலை இருந்தால் தலைசுற்றும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிவைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் சேவை நிறுத்தப்படுவது உண்டு. பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும்.