கடைச் சம்பல் போத்தல்: படத்தைப் பார்த்து வாங்குவதா, பின்பக்க எழுத்தைப் பார்த்து வாங்குவதா?

ஜோர்ஜ்டவுனில் எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் சாஸ் அடுக்கு முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். சம்பல் துமிஸ், சம்பல் பெலாச்சான், நாசி லெமாக் சம்பல், சில்லி சாஸ் என வரிசையாக நிற்கும். பெரிய கடைகளில் பக்கத்திலேயே மெக்சிகோ பாணி சல்சாவும் இருக்கும். எல்லாவற்றிலும் பளபளவென்று மிளகாய்ப் படம்.

"அம்மா எப்பவும் இதைத்தான் வாங்குவாங்க" என்று ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுவிடுவதுதான் பலருடைய வழக்கம். ஆனால், தைப்பூச விரதம் இருப்பவருக்கும், இறால் ஒவ்வாமை உள்ளவருக்கும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் தாத்தா பாட்டிக்கும் அந்தப் போத்தலின் பின்பக்கத்தில் உள்ள சின்ன எழுத்துதான் முக்கியம். அதை எப்படி வாசிப்பது?

முதலில், எது என்ன?

எல்லாமே காரம்தான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

சம்பல் துமிஸ் என்பது அரைத்த மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை எண்ணெய் பிரியும்வரை வதக்கிச் செய்வது. நாசி லெமாக் சம்பல் இதன் இனிப்பான உறவு. சம்பல் பெலாச்சான் என்பது பச்சை மிளகாயோ சிவப்பு மிளகாயோ, சுட்ட பெலாச்சானுடன் சேர்த்து இடிப்பது. சில்லி சாஸில் மிளகாயுடன் சர்க்கரையும் வினிகரும் கலந்து, ஊற்றும் பதத்தில் இருக்கும்.

ஸ்பானிய மொழியில் 'சல்சா' என்றாலே சாஸ் என்றுதான் பொருள். போத்தலில் வரும் சல்சா பெரும்பாலும் தக்காளி, வெங்காயம், மிளகாய், வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு சேர்ந்தது. சம்பலைவிட எண்ணெய் குறைவு.

இன்னொரு வகையும் அதே அடுக்கில் இருக்கும்: 'பெஸ்' எனப்படும் சமையல் விழுது. லக்சா விழுது, கறி விழுது எல்லாம் இதில் சேரும். தண்ணீரோ தேங்காய்ப் பாலோ ஊற்றிச் சமைப்பதற்காகச் செய்தது என்பதால் இதில் உப்பு தூக்கலாக இருக்கும். அப்படியே தொட்டுச் சாப்பிடும் சம்பலோடு இதை ஒப்பிட்டு "இதுல உப்பு ரொம்ப ஜாஸ்தி" என்று ஒதுக்குவதும் சரியல்ல, சம்பல் என்று நினைத்து நேராகத் தட்டில் போடுவதும் சரியல்ல.

பொருள் பட்டியலில் என்ன பார்ப்பது?

மலேசியாவில் 1983 உணவுச் சட்டத்தின் கீழ் வரும் 1985 உணவு விதிமுறைகள், பொட்டல உணவில் சேர்ந்துள்ள பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதச் சொல்கின்றன. போத்தலில் 'ராமுவான்' அல்லது 'பஹான்-பஹான்' என்று தொடங்கும் வரி அதுதான்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. பட்டியலில் 'சிலி' முதலில் வந்தால் அது மிளகாய்ச் சம்பல். 'குலா' (சர்க்கரை) அல்லது 'மின்யாக்' (எண்ணெய்) முதலில் வந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரைக்கோ எண்ணெய்க்கோதான். முன்பக்கத்தில் பெரிய இறால் படம் போட்டிருக்கும், பட்டியலில் 'உடாங் கெரிங்' (காய்ந்த இறால்) கடைசியில் உப்புக்குப் பின்னால் நிற்கும். அப்படியென்றால் உள்ளே இறால் பேருக்குத்தான்.

பினாங்கிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1908-இல் பினாங்கில் தொடங்கிய 'லிங்கம்ஸ்' சில்லி சாஸ் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மிளகாய், சர்க்கரை, வினிகர், உப்பு ஆகிய நான்கும்தான் அதன் அடிப்படை. வினிகரின் புளிப்பும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து கிருமிகளை வளர விடாமல் தடுப்பதால்தான் இத்தகைய சாஸ் நாள்பட நிற்கிறது. ஆனால், பட்டியல் சின்னதாக இருப்பதால் சர்க்கரை குறைவு என்று ஆகிவிடாது. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பான சில்லி சாஸின் சர்க்கரை அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹலால் முத்திரை இருந்தால் சைவமா?

இல்லை. ஹலால் முத்திரை இஸ்லாமிய முறைப்படி அனுமதிக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. மீனும் இறாலும் ஹலால்தான். பெலாச்சான் என்பது குட்டி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்தது. எனவே சம்பல் பெலாச்சான் எப்போதுமே அசைவம்.

விரத காலத்தில் கவனிக்க வேண்டிய சொற்கள்: பெலாச்சான், உடாங் (இறால்), இக்கான் பிலிஸ் (நெத்திலி), சோஸ் திராம் (சிப்பிச் சாஸ்). 'பெரிசா' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சுவையூட்டி. அது எதிலிருந்து வந்தது என்பது அந்தச் சொல்லில் தெரியாது. 631 என்ற எண்ணும் அப்படித்தான். இந்தச் சுவையூட்டியைத் தாவரத்திலிருந்தும் எடுக்கலாம், மீன் அல்லது இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம்.

இந்தியாவிலிருந்து வரும் போத்தல்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இருக்கும். நம் நாட்டில் அப்படி ஒரு கட்டாய முத்திரை இல்லை. சீன சைவப் பொருள்கள் நல்ல மாற்று. அவற்றில் பலவும் பௌத்த முறைப்படி வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் செய்யப்படுபவை. ஆனால் முட்டையோ பாலோ இருக்கலாம் என்பதால், அங்கும் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இறால் ஒவ்வாமை இருந்தால் இது விரத விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். ஒரு சிட்டிகை பெலாச்சான் போதும், சிலருக்கு மூச்சுத் திணறல் வந்துவிடும்.

உப்பை எப்படிக் கணக்கிடுவது?

சுகாதார அமைச்சு 2017, 2018 ஆண்டுகளில் நடத்திய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள். சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராமுக்குள்.

சத்து அட்டவணை உள்ள போத்தலில் 'சோடியம்' வரியைப் பாருங்கள். ஓர் உதாரணம்: 100 கிராமுக்கு 1,500 மில்லிகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாசி லெமாக்கோடு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 30 கிராம் சம்பல் சாப்பிட்டால் 450 மில்லிகிராம் சோடியம் போய்விடும். ஒரு நாள் அளவில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. நெத்திலி, குழம்பு எல்லாம் இனிமேல்தான்!

ஒப்பிடும்போது 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு நிறுவனம் பரிமாறலை 10 கிராம் என்று வைக்கும், இன்னொன்று 30 கிராம் என்று வைக்கும். இரண்டிலும் '100 கிராமுக்கு' என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

விலையிலும் இதே கணக்குதான். 180 கிராம் போத்தல் 7 ரிங்கிட் 90 சென், 240 கிராம் போத்தல் 9 ரிங்கிட் 60 சென் என்றால், முதலாவது மலிவாகத் தெரியும். 100 கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 4 ரிங்கிட் 39 சென், இரண்டாவது 4 ரிங்கிட். ஆனால் பெரிய போத்தல் பாதியில் கெட்டுப்போனால் அந்த லாபமும் போய்விடும். வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் சின்னதே போதும்.

பதனப் பொருள் இருந்தால் கெடுதலா?

'பஹான் பெங்காவெட்' என்றால் பதனப் பொருள். சாஸ் வகைகளில் அதிகம் வருவது 211 (சோடியம் பென்சோயேட்), 202 (பொட்டாசியம் சோர்பேட்). விதிமுறை அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கும்போது இவற்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை. திறந்த போத்தலில் பூஞ்சை பிடிக்காமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை.

கவனம் வேண்டியது வேறு இடத்தில். வீட்டில் செய்து இணையத்தில் விற்கும் சம்பல் ருசியாக இருக்கலாம். ஆனால் புளிப்புக் குறைவாக உள்ள, எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு, வெங்காயச் சம்பலை அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தால், காற்று இல்லாத இடத்தில் வளரும் போட்டுலிசம் கிருமி நஞ்சை உண்டாக்கலாம். "மேல எண்ணெய் நிக்குது, கெடாது" என்பது தவறான நம்பிக்கை. எப்போது செய்தது, குளிரூட்டியில் வைத்திருந்தார்களா, புளியோ வினிகரோ சேர்த்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

* மூடியின் நடுப்பகுதி உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, ஓரத்தில் கசிந்திருந்தாலோ எடுக்காதீர்கள்.
* 'தாரிக் லுப்புட்' (காலாவதித் தேதி) பாருங்கள். அது திறக்காத போத்தலுக்கு மட்டும்தான் பொருந்தும்.
* திறந்த பிறகு குளிரூட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள்.
* பூஞ்சை பிடித்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் வீசிவிடுங்கள்.
* போத்தலில் ஏதாவது கோளாறு தெரிந்தால் ரசீதையும் போத்தலையும் வைத்துக்கொண்டு மாநிலச் சுகாதாரத் துறையிடம் புகார் செய்யலாம். 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? பட்டியலில் மிளகாய் முன்னால் வரவேண்டும். 100 கிராமுக்கான சோடியம் பக்கத்துப் போத்தலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாத பொருள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால், மிச்சம் உங்கள் நாக்கு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.